படைப்புழுவின் நெற்றியைப் பிடிக்க எந்த லென்ஸ்?

குன்னம் பக்கத்து மக்காச்சோளக் கொல்லைக்குள் முக்காலி விரிக்க இடமிருக்காது. கேமராவைக் கையில் பிடித்துத்தான் எடுக்க வேண்டும். 2018இல் இந்தியாவுக்குள் வந்த அமெரிக்கன் படைப்புழுவுக்கு அடையாளம், நெற்றியில் தலைகீழ் ‘ஒய்’ போன்ற கோடு, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி.

உருவம் உண்மை அளவிலேயே சென்சாரில் விழும் 1:1 மேக்ரோவில், முழுச்சட்டகக் கேமராவில் எஃப் 8 வைத்தாலும் துல்லியம் நிற்கும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ.தான். நெற்றி தெளிந்தால் முதுகு மங்கும். மூச்சு விட்டாலே நம் உடம்பு அதைவிட அதிகமாக முன்னும் பின்னும் ஆடுகிறது. லென்ஸின் நடுக்கத் தடுப்பு இந்த முன்பின் ஆட்டத்தைச் சரிசெய்யாது. அதற்குக் கொட்டும் பணத்தில் ஒரு ஃபிளாஷ் வாங்கலாம் என்பேன். கண நேர மின்னலில் ஆட்டம் பதிவாகாது. எஃப் 11, 16 என்று துளையைச் சுருக்கவும் முடியும்.

60 மி.மீ. லென்ஸ் இலகு. ஆனால் புழுவுக்குச் சுமார் 10 செ.மீ. வரை நெருங்க வேண்டும். குருத்துக்குள் லென்ஸின் நிழலே விழுந்துவிடும். 180 மி.மீ. எட்ட நிற்க விடும், கை கடுக்கும். கையில் பிடித்து எடுக்க 90 முதல் 105 வரைதான் தோது. ஆட்டோஃபோகஸை அணைத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மெல்ல முன்னே சாய்ந்தபடியே நாலைந்து படம் தட்டுங்கள். ஒன்றிலாவது அந்தக் கோடு சிக்கும்.