மரக் கடைசல் இயந்திரத்தில் பேரிங் மாற்றுதல்

மரக் கடைசல் இயந்திரத்தின் சுழல்தண்டைத் தாங்கும் தேய்ந்த பேரிங்குகளைக் கழற்றி, புதியவற்றைப் பொருத்துவது ஒரு முக்கியமான பராமரிப்புப் பணியாகும். பேரிங் தமிழில் தாங்கி என்றும் வழங்கப்படுகிறது. தாமிரபரணியின் வடகரையில் உள்ள அம்பாசமுத்திரம், கடைசல் பிடித்து அரக்கு வண்ணம் ஏற்றிய மரச் சொப்புச் சாமான்களுக்குப் பெயர் பெற்றது. இத்தகைய வேலைக்கான சிறு இயந்திரத்தை ஆங்கிள் இரும்புச் சட்டம், மின்மோட்டார், வி-பெல்ட், இரும்புத் தண்டு, இரண்டு பிளம்மர் பிளாக் ஆகியவற்றைக் கொண்டு உள்ளூர்ப் பட்டறையிலேயே செய்துகொள்ள முடியும். அதில் முதலில் தேய்வது பெரும்பாலும் பேரிங்தான்.

பேரிங்கின் பணி

பேரிங்கில் உள்வளையம், வெளிவளையம், அவற்றிடையே உருளும் எஃகுக் குண்டுகள், குண்டுகளை இடைவெளிவிட்டு நிறுத்தும் கூடு ஆகியவை உள்ளன. உளி மரத்தை அழுத்தும்போதும், சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தி உராய்வுச் சூட்டில் உருக்கும்போதும், அந்த விசை முழுவதும் பேரிங்கில் இறங்குகிறது. பேரிங் தேய்ந்தால் தண்டு ஆடும். சிறு செப்பின் மூடி வாயில் பொருந்தாது. அரக்கு திட்டுத்திட்டாகப் படியும். இவற்றைவிட முக்கியமானது, ஆடும் மரம் உளியைக் கவ்வி இழுத்துக் கையைக் காயப்படுத்தக்கூடும் என்பதாகும்.

தேய்மானத்தின் அறிகுறிகள்

* ஓடும்போது கரகரவென்ற ஒலி
* சிறிது நேரத்திலேயே பேரிங் கூடு தொட முடியாத அளவு சூடாதல்
* கடைந்த மரத்தில் அலை போன்ற வரிகள்
* நிறுத்திய நிலையில் தண்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிதல்

ஒலி மோட்டாரிலிருந்தும் வரலாம். பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தண்டையும் மோட்டாரையும் தனித்தனியே கையால் சுற்றிப் பார்த்தால், பழுது எங்கே என்று தெரிந்துவிடும்.

பேரிங் எண்

பேரிங்கின் வளையத்தில் அதன் எண் பொறிக்கப்பட்டிருக்கும். கடைசி இரண்டு இலக்கங்கள் 04 அல்லது அதற்கு மேல் இருந்தால், அவற்றை 5ஆல் பெருக்கினால் உள்விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 6204 என்றால் உள்விட்டம் 20 மி.மீ.; அதன் வெளிவிட்டம் 47 மி.மீ., அகலம் 14 மி.மீ. பிளம்மர் பிளாக்கில் வரும் யுசி 204க்கும் உள்விட்டம் 20 மி.மீ.தான். எண் அழிந்திருந்தால் வெர்னியர் கொண்டு தண்டை அளந்து வாங்க வேண்டும்.

மாற்றும் முறை

1. மின் இணைப்பைத் துண்டித்து, பிளக்கைக் கழற்றி எடுக்கவும். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது.
2. பெல்ட்டைக் கழற்றி, பிளம்மர் பிளாக் நின்ற இடத்தைச் சட்டத்தில் கோடிட்டுக் குறிக்கவும்.
3. கிரப் ஸ்குரூவை அலன் கீயால் தளர்த்தவும். ஸ்குரூ அழுத்திய இடத்தில் தண்டில் பிசிர் எழுந்திருக்கும். அதை அரத்தால் நீக்கிய பிறகே பேரிங்கை உருவ வேண்டும்.
4. தண்டை மண்ணெண்ணெயால் துடைத்து அளக்கவும். பேரிங் இருந்த இடம் பள்ளமாகத் தேய்ந்திருந்தால் தண்டையும் மாற்ற வேண்டும். தேய்ந்த தண்டில் புதிய பேரிங் நிலைக்காது.
5. புதிய பேரிங்கைச் செருகவும். 6204 போன்றவை தண்டில் இறுக்கமாக ஏறும். அவற்றுக்கு, உள்வளையத்தில் மட்டும் அமரும் குழாயை வைத்துச் சீராகத் தட்ட வேண்டும். வெளிவளையத்தைத் தட்டினால் அடி குண்டுகளின் வழியே சென்று புதிய பேரிங்கின் பாதையிலேயே குழி விழும்.
6. போல்ட்டுகளைச் சிறிது சிறிதாக, தண்டைக் கையால் சுற்றிக்கொண்டே இறுக்கவும். தண்டு இறுகினால் இரு பிளாக்குகளும் ஒரே மட்டத்தில் இல்லை என்று பொருள். தாழ்ந்த பிளாக்கின் அடியில் மெல்லிய தகடு வைக்கவும்.
7. கிரப் ஸ்குரூவை இறுக்கி, பெல்ட்டை மாட்டி, மரம் பொருத்தாமல் சிறிது நேரம் ஓட்டிப் பார்க்கவும்.

ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தாலும் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

மீண்டும் தேயாமல் காத்தல்

காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் புதிய பேரிங்கும் விரைவில் தேயும். பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவது ஒரு காரணம். புல்லிகளுக்கு இடையே 60 செ.மீ. இருந்தால், நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது பெல்ட் ஏறத்தாழ 1 செ.மீ. தாழ வேண்டும். மரத்தூள் மற்றொரு காரணம். அது கிரீஸை உறிஞ்சிக் கெட்டியாக்கும். ரப்பர் மூடி உள்ள பேரிங் தூளைத் தடுக்கும். மழை மாதங்களில் ஓடாமல் கிடக்கும் இயந்திரத்தில் துருவும் சேரும்.

மரக்கட்டையைக் குழிவான பிடிப்பில் அடித்துச் செருகும் வழக்கமுள்ள பட்டறைகளில், ஒவ்வோர் அடியும் பேரிங்கைத் தாக்குகிறது. கட்டையின் முனையை முன்கூட்டியே பிடிப்பின் அளவுக்குச் செதுக்கி, மரச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் இத்தேய்மானம் குறையும்.