ஆற்றோரம் ஒரு காலைநடை

அயர்லாந்தின் பழைய நகரம் கில்கெனி. அங்கே கோட்டை அடியில் நோர் ஆற்றங்கரையைப் பிடித்து நடந்தால், நகரம் முடிந்து நாட்டுப்புறம் வந்துவிடும். நேயர்களே, இலங்கையின் கிழக்கே விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவிலிருந்து மாவடிப்பள்ளிக்குப் போகும் வீதியும் அழகில் குறைந்ததல்ல. கடற்கரை ஊரை விட்டு மேற்கே திரும்பினால் பாலம், ஆறு, கண்ணுக்கெட்டிய வரை வயல். உழவு இயந்திரம் சேற்றைப் புரட்டப் புரட்ட, வெள்ளைக் கொக்குகள் பின்னாலேயே புழு பொறுக்கி வரும். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு நடக்க அருமையான இடம்.

பொழுது சாய்ந்தால் யானை வரும், கவனம். மாரியில் வெள்ளம் வீதியை மேவிப் பாயும். 2024 நவம்பர் 26இல் மதரஸா மாணவர்கள் வந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றது இங்கேதான். வீதியில் தண்ணீர் ஓடினால் தயவுசெய்து இறங்காதீர்கள்.