மருந்து வந்தது, மூடி திறக்கவில்லை!

காலையில் ஒரு மாத்திரை. இரவில் ஒரு மாத்திரை. தவறாமல் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாத்திரையும் வீட்டில் இருக்கிறது. ஆனால் பாட்டி சாப்பிடவில்லை. ஏன்?

டப்பாவின் மூடியைத் திருகப் பாட்டியின் விரல்களில் பலம் இல்லை! மகன் வேலைக்குப் போய்விட்டான். மருமகள் பருத்திக் காட்டுக்குப் போய்விட்டாள். யாராவது வரட்டும் என்று பாட்டி காத்திருக்கிறாள். மாத்திரை வேளை தப்பிவிடுகிறது.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை அல்ல. முதியவர்கள் உள்ள பல வீடுகளில் நடப்பதுதான்.

வீரசோழன், திருச்சுழி, அருப்புக்கோட்டை வட்டாரம் வானம் பார்த்த பூமி. அங்கே கைகளுக்கு ஓய்வு கிடையாது. பருத்தி எடுத்த விரல்கள், மிளகாய் பறித்த விரல்கள், கருவேல முள் வெட்டிய கைகள் வயது ஏற ஏறத் தளர்ந்து போகின்றன. மூட்டுவாதம் வந்தால் விரல் மடங்காது. பக்கவாதம் வந்தால் ஒரு கையே வேலை செய்யாது. நடுக்கம் வந்தால் பிடித்தது நழுவும்.

வாசல் வரை வந்த மருந்து

2021 ஆகஸ்டு 5ந் தேதி தமிழ்நாட்டில் "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டம் தொடங்கியது. ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மாத்திரைகளை வீடு தேடிக் கொண்டு வந்து கொடுக்கும் திட்டம் இது. நடக்க முடியாதவர்களுக்கு இது பெரிய உதவி.

ஆனால் மருந்து வாசலுக்கு வந்தால் போதுமா? வாய்க்குப் போக வேண்டாமா? நடுவில் நிற்பது ஒரு மூடி. அல்லது ஓர் அட்டை. அல்லது ஒரு பை.

குழந்தைக்குப் பூட்டு, பாட்டிக்கும் பூட்டு!

கனடா நாட்டில் வின்ட்சர் நகரில் ஹென்றி பிரால்ட் என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். மாத்திரைகளை மிட்டாய் என்று எண்ணிக் குழந்தைகள் விழுங்கிவிடுவதைக் கண்டு அவர் மனம் வருந்தினார். அவருடைய முயற்சியால் 1967ல் ஒரு புது மூடி பிறந்தது. உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே திருகினால்தான் அது திறக்கும். 1970ல் அமெரிக்காவில் இதற்கென்று சட்டமே வந்தது.

குழந்தைகள் பிழைத்தார்கள். ஆனால் முதியவர்கள் திண்டாடினார்கள்! சிலர் மூடியைச் சரியாக மூடாமலே வைத்துவிட்டார்கள். பேரனைக் காக்க வந்த மூடி பேரனுக்கே ஆபத்தாக முடிந்தது.

காரணம் என்ன? அந்த மூடிகளைத் திறந்து பார்த்துச் சோதித்தவர்கள் 18 வயது முதல் 45 வயது வரை உள்ளவர்கள்!

1995ல் விதி திருத்தப்பட்டது. 50 வயது முதல் 70 வயது வரை உள்ளவர்களைக் கொண்டு சோதிக்க வேண்டும் என்று ஆயிற்று. 100 பேரில் 90 பேராவது முதலில் 5 நிமிடத்துக்குள் திறக்க வேண்டும். மறுமுறை 1 நிமிடத்துக்குள் திறந்து மூட வேண்டும்.

பல்லால் கடிப்பதா?

நம் நாட்டில் சிறு பைகளுக்குத் தனி வரலாறு உண்டு. கடலூர் சின்னி கிருஷ்ணன், பொருள்களைச் சிறு பைகளில் அடைத்து விற்றால் ஏழைக்கும் எட்டும் என்று கண்டார். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983ல் "சிக்" ஷாம்பு தொழிலைத் தொடங்கினார். சிறு பையில் அடைத்த ஷாம்பு பட்டிதொட்டி எல்லாம் பரவியது.

விலை எட்டியது. ஆனால் ஈரக் கையால் பையைக் கிழிப்பது எப்படி? பலர் பல்லால் கடிக்கிறார்கள். பல் இல்லாதவர் என்ன செய்வார்?

பையின் ஓரத்தில் ஒரு சிறு வெட்டு இருந்தால் போதும். இழுக்கும் பலம் முழுவதும் அந்த ஒரு புள்ளியில் சேரும். பை தானாகக் கிழியும்.

மூடிக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. பிடி நீளமான ஸ்பானரால் நட்டைக் கழற்றுவது எளிது அல்லவா? அதுபோல் சிறிய மூடியைவிட, கைக்குள் அடங்கும் அகலமான மூடி எளிதில் திரும்பும். ஓரத்தில் வரிவரியாக இருந்தால் வழுக்காது.

2015ல் சர்வதேச தர அமைப்பு, எளிதில் திறக்கக் கூடிய டப்பாக்களுக்கும் பைகளுக்கும் என்றே ஒரு தரவிதி வெளியிட்டது.

சுருக்குப்பையைப் பாருங்கள்!

நம் பாட்டிமார்களுக்கு இது புதிதா? இடுப்பில் செருகிய சுருக்குப்பை, இரண்டு விரலால் விரித்தால் திறக்கும். கயிற்றை இழுத்தால் மூடும். மளிகைக் கடைக்காரர் நூல் சுற்றித் தரும் பொட்டலம், நுனியைப் பிடித்து இழுத்தால் அவிழும். கை பலம் வேண்டியதே இல்லை!

வீட்டில் என்ன செய்யலாம்?

மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போடுங்கள், பிடி வழுக்காது.

ஜாம் பாட்டில் திறக்கவில்லையா? வெளிக்காற்று மூடியை அமுக்கிக்கொண்டிருக்கிறது. ஸ்பூன் காம்பால் மூடியின் ஓரத்தை மெல்ல நெம்புங்கள். "டப்" என்று சத்தம் கேட்கும். பிறகு எளிதில் திரும்பும்.

பைகளைக் கத்தரியால் வெட்டுங்கள். பல்லால் கடிக்க வேண்டாம்.

வேலைக்குப் புறப்படும் முன், பெரியவர்களின் அன்றைய மாத்திரையை எடுத்து அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது!

மருந்து கொண்டு வருபவரிடம், "மூடியைத் திறக்க முடியவில்லை, அம்மா" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடாத காரணம் டாக்டருக்குத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் மருந்து கேட்கவில்லை என்று எண்ணி அளவைக் கூட்டிவிடக் கூடும்.

டப்பா செய்பவர்களுக்கும் ஒரு சொல். கடைக்கு அனுப்பும் முன் 70 வயதுப் பாட்டி ஒருத்தியின் கையில் அதைக் கொடுத்துப் பாருங்கள். அவள் திறந்துவிட்டால், ஊரில் எல்லோரும் திறப்பார்கள்!