'லாங்ஸ்டாண்டிங்' உறவுகள்

ஆங்கிலத்தில் 'லாங்ஸ்டாண்டிங்' என்னும் பெயரடை, பல ஆண்டுகளுக்கு முன் தொடங்கி இன்றும் தொடர்கின்ற நட்பு, உடன்படிக்கை, மரபு போன்றவற்றைக் குறிக்க, பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று வழங்குகிறது. இதிலுள்ள 'ஸ்டாண்டிங்', நிற்றல் என்னும் பொருளிலிருந்து விரிந்து, ஓர் உறவு நீடித்த கால அளவையும் உணர்த்துவதாகும். 'லாஸ்டிங்' என்னும் சொல்லோடு இது மயங்குவது எளிது. ஆயினும் அவற்றிடையே உள்ள வேறுபாடு போற்றிக் காக்கத்தக்கது. போர் முடித்து ஒப்பந்தம் செய்வோர் விரும்பும் அமைதி, இனிமேல் நீடிக்க வேண்டியது என்பதால் 'லாஸ்டிங்' எனப்படும். ஏற்கெனவே நீடித்துக் காட்டிய உறவுக்கே 'லாங்ஸ்டாண்டிங்' பொருந்தும்.

1373-இல் லண்டனில் ஒப்பந்தமாகி, 1386-இல் வின்சர் உடன்படிக்கையால் உறுதிபெற்ற இங்கிலாந்து-போர்ச்சுகல் கூட்டணி இதற்குச் சிறந்த சான்றாகும். 1580 முதல் 1640 வரை போர்ச்சுகல் ஸ்பானிய அரசர்களின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததால் அக்கூட்டணி தடைப்பட்டாலும், பின்னர் உயிர்பெற்று, இரண்டாம் உலகப் போரின் நடுவே, 1943-இல், அசோர்ஸ் தீவுகளில் படைத்தள வசதி பெறுவதற்குப் பிரிட்டன் அந்த நடுக்கால உடன்படிக்கையையே ஆதாரமாகக் காட்டியது என்பது வியப்புக்குரியது.

நல்லுறவுக்கு மட்டுமே உரிய சொல்லாக இதனைக் கொள்ளுதல் தவறு. 1713-ஆம் ஆண்டின் உட்ரெக்ட் உடன்படிக்கையால் பிரிட்டன் வசமான ஜிப்ரால்டரைப் பற்றி ஸ்பெயினுடன் நிலவும் பிணக்கும் ஆங்கிலத்தில் இதே அடைமொழியால் சுட்டப்படுகிறது.