மடியில் பால் வேண்டுமென்றால் வயிற்றைக் கவனியுங்கள்

மயிலாப்பூர் சந்துகளிலும் பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டிய குடியிருப்புகளிலும் வெள்ளாடு சுவரொட்டியைக் கிழித்துத் தின்பதைப் பார்க்காத சென்னைவாசி இருக்க முடியாது. ஆடு கண்டதையும் தின்னும் என்று நாமும் முடிவு கட்டிவிடுகிறோம். ஆடு அங்கே போவது சுவரொட்டியின் பின்னால் தடவிய மாவுப் பசைக்காக. அதே ஆட்டைத் தழை இருக்கும் இடத்தில் விட்டுப் பாருங்கள். முள்ளுக்கு நடுவே உதட்டை நுழைத்து இளந்தளிரை மட்டும் கிள்ளும். மிதிபட்டு மண் ஒட்டிய தழையை முகர்ந்து பார்த்துவிட்டு விலகிப் போகும். நேற்றைய மிச்சத்தை இன்று தொட மறுக்கும். தீனி விஷயத்தில் மாட்டைவிட நாசூக்கான பிராணி அது.

இந்த நாசூக்கைப் புரிந்துகொண்டவர்களுக்குத்தான் ஆடு நன்றாகப் பால் கொடுக்கிறது. ஆட்டுக்குப் போடும் தீனி நேராக மடிக்குப் போவதில்லை. முதலில் அதை ஆட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் சாப்பிடுகின்றன. அவை கொடுப்பதைக் கொண்டுதான் ஆடு பால் சுரக்கிறது.

புல்லும் தழையும்

கிண்டி தேசியப் பூங்காவில் வெளிமானும் புள்ளிமானும் அருகருகே வாழ்கின்றன. வெளிமான் திறந்த வெளியில் தலை குனிந்து பெரும்பாலும் புல்லையே மேயும். புள்ளிமான் புல்லோடு உதிர்ந்த இலை, காய், பழம் எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளும். நம் வீட்டுக் கால்நடைகளிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. மாடும் செம்மறியும் புல் பக்கம். வெள்ளாடு தழை பக்கம். பின்னங்கால்களை ஊன்றி நிமிர்ந்து, தலைக்கு மேலே இருக்கும் கிளையை அது எட்டிப் பிடிப்பது இதனால்தான்.

தழைக்கு அப்படி என்ன சிறப்பு? ஈரம் போக எடைபோட்டால் அகத்திக் கீரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பங்கு புரதம். வைக்கோலில் 3 அல்லது 4 பங்குதான். தீனியில் புரதம் 7 பங்குக்குக் கீழே போனால் வயிற்று நுண்ணுயிர்களே பட்டினி கிடக்கும். நார் செரிக்காது, பசியும் மந்தமாகும். வைக்கோலை மட்டும் மலைபோலக் குவித்தாலும் ஆடு மெலிவதற்கு இதுவே காரணம். மரத்தழைகளில் உள்ள துவர்ப்புப் பொருளைத் தாங்கும் திறனும் ஆட்டுக்கு மாட்டைவிட அதிகம்.

பால் உருவாகும் வழி

ஆட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. முதல் அறை பெரியது, காற்றில்லாதது, வெதுவெதுப்பானது. கோடானுகோடி நுண்ணுயிர்கள் அங்கே தழையையும் தானியத்தையும் நொதிக்க வைக்கின்றன. தோசை மாவு புளிப்பது போன்ற வேலைதான் அது. ஆனால் இரவும் பகலும் ஓயாமல் நடக்கிறது. புளிப்பின் விளைவாக மூன்று முக்கிய அமிலங்கள் கிடைக்கின்றன: அசிட்டிக், புரோப்பியோனிக், பியூட்டிரிக். அவை வயிற்றுச் சுவர் வழியே இரத்தத்தில் கலக்கின்றன. ஆட்டுக்குக் கிடைக்கும் ஆற்றலில் பெரும்பகுதி இந்த அமிலங்களிலிருந்து வருகிறது.

பாலின் கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. நார் மிகுந்த தழையும் கொடியும் தின்றால் அசிட்டிக் அமிலம் அதிகமாகும். பாலின் கொழுப்புக்கு அதுவும் பியூட்டிரிக் அமிலமும் மூலப்பொருள். சோளம், கம்பு, மக்காச்சோளம் போன்ற தானியம் கொடுத்தால் புரோப்பியோனிக் அமிலம் கூடும். கல்லீரல் அதைக் குளுக்கோஸாக மாற்றும். மடி அந்தக் குளுக்கோஸிலிருந்து பால் சர்க்கரையைத் தயாரிக்கும். பால் சர்க்கரை எவ்வளவு சுரக்கிறதோ அதற்கு ஏற்றபடி தண்ணீர் மடிக்குள் இழுக்கப்படும். ஆகவே, பாலின் அளவைத் தானியம் கூட்டுகிறது. பாலின் திடத்தை நார் காக்கிறது. இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டால் மற்றது கைவிட்டுப் போகும்.

நுண்ணுயிர்கள் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சவுண்டல் மரம் சாட்சி. சூபாபுல் என்றும் சொல்லப்படும் இதன் தழை புரதம் நிறைந்தது. ஆனால் அதில் மிமோசின் என்ற நச்சுப்பொருள் உண்டு. ஆஸ்திரேலியாவில் இதை மிகுதியாக மேய்ந்த கால்நடைகள் நோயுற்றன. ஹவாய்த் தீவின் ஆடுகளோ இதையே தின்று நலமாக இருந்தன. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆஸ்திரேலிய விஞ்ஞானி இதற்கான விடையை ஹவாய் ஆடுகளின் வயிற்றில் தேடினார். அங்கே இருந்த ஒரு பாக்டீரியா அந்த நச்சைச் சிதைத்துவிடுகிறது என்று தெரியவந்தது. 1980களின் தொடக்கத்தில் அந்த ஆடுகளின் வயிற்று நீரை ஆஸ்திரேலிய ஆடுகளுக்கு ஏற்றியதும் அவையும் தழையைத் தாங்கிக்கொண்டன. 1992இல் அந்தப் பாக்டீரியாவுக்கு ஜோன்ஸின் பெயரே வைக்கப்பட்டது. ஆடு மாறவில்லை, தழையும் மாறவில்லை. வயிற்றுக் குடியிருப்பு மட்டும் மாறியது. நம் ஊரில் சவுண்டலை மொத்தப் பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கொடுப்பது நல்லது.

சென்னைத் தெருவில் கிடைப்பவை

மாநகர ஆடுகளுக்குக் கிடைக்கும் தீனியை இந்தக் கணக்கை வைத்து எடைபோடலாம். அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, பூவரசு, அரசு ஆகியவற்றின் தழைகள் முதல் தரம். தூங்குமூஞ்சி மரத்தின் இனிப்பான முற்றிய காய்களை ஆடுகள் விரும்பிப் பொறுக்கும். காய்கறி அங்காடியில் கழித்துப் போடும் காலிஃபிளவர் இலையும் முட்டைக்கோஸ் இலையும் நல்லவையே. ஆனால் அவற்றைப் பால் கறந்த பிறகே கொடுக்க வேண்டும். கறவைக்கு முன் கொடுத்தால் வாடை பாலில் ஏறிவிடும். வாழைத்தண்டில் பெரும்பகுதி தண்ணீர். அதைத் தின்று வயிறு நிறையும், பால் நிறையாது.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, அன்போடு போடப்படும் சோறு. தியாகராய நகரில் முகூர்த்த நாள் முடிந்தால் கல்யாண மண்டப வாசல்களில் மிச்சச் சோறு குவியும். வெந்த சோறு முதல் அறையில் மிக வேகமாகப் புளிக்கும். பழக்கமில்லாத ஆடு ஒரேயடியாக நிறையத் தின்றுவிட்டால் லாக்டிக் அமிலம் பெருகி, நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் மடியும். அசை போடுவது நிற்கும், வயிறு உப்பும், கழிச்சல் காணும். கவனிக்காவிட்டால் ஆடே போய்விடும். பிழைத்தாலும் பால் சட்டென்று இறங்கும். ஒரு கைப்பிடி மிச்சச் சோறு போட்டால் தவறில்லை. கூடை கூடையாகக் கொட்டினால் அது உபகாரம் ஆகாது. புதிய தீனி எதையும் பத்துப் பதினைந்து நாட்களில் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போனால்தான் நுண்ணுயிர்கள் பழகும்.

கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் வேறொரு எச்சரிக்கையும் தேவை. கழித்துப் போடும் மாலைகளில் அரளிப்பூ இருக்கும். அரளியின் இலை, பூ, தண்டு எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். சாமந்தியையும் துளசியையும் நம்பி ஒரு குவியலையே ஆட்டின் முன் கொட்டுபவர் அரளியைப் பிரித்தெடுக்க வேண்டும். உணவு ஒட்டிய பாலித்தீன் பையும் அப்படித்தான். முதல் அறையில் தங்கிவிட்டால் அது வெளியே வராது. தீனிக்கு இருக்க வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும்.

புண்ணாக்கு வாங்கும்போது மூக்கையும் கண்ணையும் நம்பலாம். கடலைப் புண்ணாக்கு புரதக் களஞ்சியம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் பட்டால் பூஞ்சை பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு சேரும். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டதை ஆராய்ந்தபோது, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்கில் இந்த நஞ்சு இருப்பது அகப்பட்டது. ஆடு தின்ற நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலுக்குள் இறங்குகிறது. பாலைக் காய்ச்சினாலும் அது போகாது. பூசணம் பூத்த, முகர்ந்தால் மக்கல் வாடை வீசும் புண்ணாக்கு எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

கறவை ஆட்டுக்கு என்ன கொடுப்பது?

30 முதல் 40 கிலோ எடையுள்ள பெட்டை ஆட்டுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 4 கிலோ பசுந்தீவனம் வேண்டும். கம்பு நேப்பியர், தீவனச் சோளம் போன்ற புல் வகையோடு அகத்தி, வேலிமசால், சவுண்டல் போன்ற பயறு வகைத் தழையும் அதில் சேர வேண்டும். கூடவே கடலைக் கொடி போன்ற உலர் தீவனம். அடர்தீவனம் உடலைக் காக்க 200 கிராம் அளவில். கறக்கும் ஒவ்வொரு லிட்டர் பாலுக்கும் கூடுதலாக 300 முதல் 400 கிராம். உடைத்த தானியம், புண்ணாக்கு, தவிடு, தாது உப்புக் கலவை, கொஞ்சம் சாதா உப்பு எல்லாம் சேர்ந்தது அது. ஒரே வேளையில் கொட்டாமல் இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து, தழை தின்ற பிறகு கொடுப்பது நல்லது. தழையைத் தரையில் போடாமல் ஆட்டின் தலை உயரத்துக்குக் கட்டித் தொங்கவிட்டால் வீணாவது குறையும். பாலில் ஏறத்தாழ 87 பங்கு தண்ணீர்தான். வெயில் காலத்தில் தண்ணீர்த் தொட்டி வற்றினால் மாலைக் கறவையிலேயே அது தெரிந்துவிடும்.

எப்போது கொடுக்கிறோம் என்பதும் முக்கியம். ஆட்டின் சினைக்காலம் சுமார் 150 நாட்கள். கடைசி ஐம்பது நாட்களில் குட்டி வேகமாக வளர்வதால் வயிற்றில் தீனிக்கு இடம் குறைகிறது. அப்போது சத்துச் செறிந்த தீனி வேண்டும். ஈன்ற ஆறு முதல் எட்டு வாரத்தில் பால் உச்சத்தை எட்டும். அந்த நாட்களில் ஆடு தின்பதைவிட அதிகமாகச் சுரக்கும். பற்றாக்குறைக்கு உடம்பிலுள்ள கொழுப்பைக் கரைக்கும். சினையில் பட்டினி போட்டுவிட்டு, ஈன்ற பிறகு புண்ணாக்கை வாரிக் கொடுப்பதால் பயன் அதிகம் இல்லை.

தீனிக்கு ஓர் எல்லையும் உண்டு. இனம் இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் பால் கூடும். தமிழ்நாட்டின் கன்னி ஆடு, கொடி ஆடு, சேலம் கருப்பு ஆகியவை கறிக்குப் பேர் போனவை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் மாநிலத்தில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடுகள் இருந்தன. பெரும்பாலானவை கறிக்காகவே வளர்க்கப்படுபவை. பாலும் வேண்டுமென்றால் தலைச்சேரி, ஜமுனாபாரி போன்ற இனங்களைத் தேட வேண்டும். சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமும் கால்நடை உணவியல் நிறுவனமும் உள்ளன. வளர்ப்பவர்கள் அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

ஆட்டுப் பாலுக்குச் சென்னையில் ஒரு பெருமை உண்டு. பசும்பாலும் எருமைப் பாலும் வேண்டாம் என்று விரதம் பூண்ட காந்தி, கடும் நோய்க்குப் பின் கஸ்தூர்பாவின் யோசனைப்படி 1919 தொடக்கத்தில் ஆட்டுப் பாலுக்கு மாறினார். அந்த மார்ச்சில் கதீட்ரல் சாலையில் ராஜாஜியின் வீட்டில் தங்கியிருந்தபோதும், 1946 ஜனவரியில் தியாகராய நகர் இந்தி பிரச்சார சபையின் வெள்ளி விழாவுக்கு வந்தபோதும் அவருடைய ஆகாரத்தில் ஆட்டுப் பாலுக்கு இடம் இருந்தது. இன்றும் அதைத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். நன்றாகக் காய்ச்சிக் குடிக்க வேண்டும். ஃபோலிக் அமிலம் குறைவு என்பதால் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக அதைக் கொடுக்கக் கூடாது.

மழைக்கு முன் மாநகராட்சி வெட்டித் தள்ளும் கிளைகளில் எத்தனையோ கிலோ பச்சைத் தழை குப்பை வண்டி ஏறுகிறது. அதே வார்டில் கால்வாய்க் கரை ஆடு காகிதமும் மிச்சச் சோறும் தின்கிறது. வெட்டும் நாளை முன்கூட்டிச் சொல்லி, பூவரசையும் அரசையும் அரளியிலிருந்து பிரித்து, ஆடு வளர்ப்பவர்கள் எடுத்துப்போக ஓரமாகக் குவித்து வைத்தால் போதும். பெரிய செலவு எதுவும் இல்லை. ஒரு வார்டு உறுப்பினரும் ஒரு கால்நடை மருத்துவரும் மனம் வைத்தால் இந்த மழைக்காலத்திலேயே தொடங்கிவிடலாம்.