மடிக்கணினியும் புறத்திரைகளும்

மடிக்கணினி ஒன்றின் பக்கங்களிற் காணப்படும் செருகுவாய்களை எண்ணி, அத்தனை திரைகளை அதனோடு இணைக்கலாம் என முடிவு செய்தல் பலரிடமும் உள்ள வழக்கமாகும். விளையாட்டுக்கெனத் தயாரிக்கப்படும் ஆற்றல்மிக்க கணினிகளை வாங்குவோரிடம் இவ்வெண்ணம் மேலும் வலுவாகவுள்ளது. ஆயின் செருகுவாய் உள்ளே எந்தச் செயலியோடு பிணைக்கப்பட்டுள்ளது, அதனூடாக எவ்வளவு தரவு செல்லக்கூடும் என்னும் இரண்டுமே இதனைத் தீர்மானிப்பன. இவற்றை அறியாது இணைப்புப் பெட்டிகளை வாங்குவோர் பணத்தை வீணே இழக்க நேரிடும்.

இவ்வகைக் கணினிகளுட் பெரும்பாலானவற்றில் இரு வரைவியற் செயலிகள் உள்ளன. ஒன்று மையச் செயலியோடு ஒருங்கிணைந்தது. குறைந்த மின்சாரத்தில் இயங்குவது. மற்றையது தனிச்சில்லாக அமைந்து விளையாட்டுக் காட்சிகளைத் தீட்டுவது. 2010ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் அறிமுகஞ் செய்த ஒப்டிமஸ் முறையில், தனிச்செயலி தீட்டிய காட்சி ஒருங்கிணைந்த செயலியின் வழியாகவே கணினியின் சொந்தத் திரையை அடைகிறது. இச்சுற்றுவழியைத் தவிர்க்கும் ஆளி பிற்கால மாதிரிகள் பலவற்றில் உண்டு.

புறத்திரைகளின் நிலை வேறு. எச்.டி.எம்.ஐ. செருகுவாய் பல மாதிரிகளில் நேரே தனிச்செயலியோடு பிணைக்கப்பட்டுள்ளது. சி வகை யூ.எஸ்.பி. செருகுவாயோ சிலவற்றில் தனிச்செயலியோடும், சிலவற்றில் ஒருங்கிணைந்த செயலியோடும் இணைந்திருக்கும். இன்னுஞ் சிலவற்றில் காட்சிச் சமிக்ஞையையே கொண்டு செல்லாது. ஒரே கணினியில், ஒரே தோற்றமுடைய இரு செருகுவாய்கள் இவ்வாறு வேறுபடுதலும் உண்டு. தயாரிப்பாளர் இதனைத் தெளிவுறப் பொறிக்காது விடுவது வருந்தத்தக்கது. டிஸ்பிளே போர்ட் அல்லது தண்டர்போல்ட் குறி காணப்படின் காட்சி செல்லும் எனக் கொள்ளலாம். குறியில்லாவிடத்துக் கைந்நூலை நாடுதல் வேண்டும். இணைத்த பின்னர், எத்திரை எச்செயலியைச் சார்ந்தது என்பதை விண்டோஸ் 11 இன் திரை அமைப்புகளிற் காணலாம்.

தரவின் அளவைச் சிறு கணக்கினால் அறியலாம். 3840 × 2160 படப்புள்ளிகள் கொண்ட திரை வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கப்படின், புள்ளிக்கு 24 பிட் வீதம், ஏறத்தாழ 12 கிகாபிட் வேண்டும். 1920 × 1080 திரைக்கு இதில் நாலிலொன்று போதும். 2560 × 1440 திரையை வினாடிக்கு 144 முறை புதுப்பிப்பின் தேவை 12.7 ஆக உயர்கிறது. விளையாட்டுத் திரைகள் அளவிற் சிறியனவாயினும் பசியிற் பெரியன! 2010இல் வந்த டிஸ்பிளே போர்ட் 1.2 வினாடிக்கு 17.28 கிகாபிட் தரவையும், 2016இல் வந்த 1.4 பதிப்பு 25.92 கிகாபிட் தரவையும் கொண்டுசெல்லும். ஒரு வடத்தின் சமிக்ஞையைப் பல திரைகளுக்குப் பகிரும் வசதியும் 1.2 பதிப்புடனேயே வந்தது. பகிர்வதால் வடத்தின் கொள்ளளவு பெருகுவதில்லை.

டொக் எனப்படும் இணைப்புப் பெட்டிகளில் ஏமாற்றம் நேர்வது இங்கேதான். சி வகைச் செருகுவாயின் நான்கு அதிவேகத் தடங்களில் இரண்டை விரைவான யூ.எஸ்.பி. தரவுக்கு ஒதுக்கும் பெட்டியில், காட்சிக்கு எஞ்சுவது பாதியே. 1.2 பதிப்பின் பாதி 8.64 கிகாபிட், ஆகவே பெரிய திரை வினாடிக்கு 30 முறைதான் புதுப்பிக்கப்படும். சுட்டியின் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்வதை அப்போது கண்ணாற் காணலாம். வடத்தையோ திரையையோ மாற்றுவதால் இது தீராது.

டிஸ்பிளேலிங்க் முறைப் பெட்டிகள் காட்சியைச் சுருக்கிச் சாதாரண யூ.எஸ்.பி. தரவாக அனுப்புவன. அவற்றுக்குத் தனி மென்பொருள் வேண்டும். ஏட்டுப் பிரதியின் ஒளிப்படத்தை ஒரு திரையிலும் பெயர்த்தெழுதிய பாடத்தை மறு திரையிலும் வைத்து ஒப்புநோக்குவோர்க்கு இவை போதுமானவை. விரைந்து மாறும் விளையாட்டுக்கு ஏற்றவையல்ல.

எனவே மூன்று புறத்திரைகளை வைக்க விரும்புபவர், விளையாட்டுக்குரிய திரையைத் தனிச்செயலியோடு பிணைந்த செருகுவாயில் நேரே இணைத்து, ஏனைய இரண்டையும் பெட்டியின் வழியே இணைத்தல் தக்கது. தனிச்செயலியைச் சார்ந்த புறத்திரை இயங்கும் வரையில் அச்செயலி உறங்குவதில்லை; மின்கலம் விரைந்து தீரும், விசிறியும் ஓயாது. ஆதலின் இவ்வமைப்பை மின்னேற்றியுடன் இணைத்தே பயன்படுத்துதல் வேண்டும்.