நீச்சல் குளத்தின் மேற்பூச்சு: புதுப்பிக்கும் செலவைக் கணிக்கும் முறை

நீரைத் தேக்கி வைக்கும் கட்டடம் எதுவாயினும் அதற்கு எதிரிகள் இருவர். உள்ளே நிற்கும் நீர் பூச்சைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. வெளியே மண்ணில் ஊறி நிற்கும் நீர் சுவரையும் தளத்தையும் நெருக்குகிறது. வீட்டுத் தோட்டத்து நீச்சல் குளம், பள்ளியின் நீச்சல் குளம், ஊர்ப் பொதுத் தண்ணீர்த் தொட்டி ஆகிய யாவும் இதற்கு உட்பட்டவையே. சில ஆண்டுகள் சென்றபின் பூச்சு சொரசொரப்பாகிப் பொரிந்து உதிரத் தொடங்குகிறது. அப்பொழுது உரிமையாளர், "இதைப் புதுப்பிக்க எவ்வளவு ஆகும்?" என்று வினவுகிறார். இவ்வினா பெரும்பாலும் அவ்வூரில் உள்ள களப் பணியாளரிடமோ பள்ளி ஆசிரியரிடமோ வந்து சேர்கிறது.

இவ்வினாவிற்கு ஒரே தொகையை விடையாகக் கூற இயலாது. ஆயினும் விடையைக் கணித்தறியும் வழி எளியது. அவ்வழியே சென்றால் ஓர் உண்மை புலப்படும்: புதுப்பிக்கும் செலவில் சிமெண்டும் மணலும் சிறு பங்கே, பெரும் பங்கு உழைப்பிலும் நீரிலும் காத்திருத்தலிலும் அடங்கியிருக்கிறது. இதை அறியாது மிச்சம் பிடிக்க முற்படுவோர் அதே வேலைக்கு இருமுறை பணம் கொடுக்க நேரிடும்.

பூச்சு ஏன் கெடுகிறது?

சிமெண்டு நீருடன் கூடி இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு என்னும் பொருளும் உண்டாகிறது. இது நீரில் சிறிதளவு கரையும் இயல்புடையது. குளத்து நீரில் கால்சியம் குறைவாகவோ அமிலத் தன்மை மிகுதியாகவோ இருப்பின், நீர் தனக்கு வேண்டிய கால்சியத்தைப் பூச்சிலிருந்தே எடுத்துக் கொள்கிறது. பூச்சின் முகம் அரிக்கப்பட்டு மணல் வெளித் தெரிகிறது. அச்சொரசொரப்பில் பாசி வேரூன்றுகிறது. மாறாக, கால்சியமும் காரத் தன்மையும் மிகுந்த நீர் சுவரில் வெண்ணிறப் படிவை விட்டுச் செல்கிறது. நீர் சுண்ணாம்பைக் கரைக்குமா, படிய விடுமா என்பதை முன்கூட்டி அறிவதற்கான ஒரு குறியீட்டெண்ணை அமெரிக்க அறிஞர் லாங்கிலியர் 1936ஆம் ஆண்டில் வகுத்தளித்தார். குளத்து நீரின் பி.எச். எண் 7.2க்கும் 7.8க்கும் இடையே இருத்தல் நன்று. இதை நாள்தோறும் அளந்து பேணும் குளத்தில் பூச்சு நெடுங்காலம் நிலைக்கும். அளவறியாது அமிலம் ஊற்றப்படும் குளத்தில் விரைவில் அழியும்.

முதற்கண் செய்ய வேண்டிய சோதனை

பூச்சைக் கொத்துவதற்கு முன், குளம் உண்மையில் கசிகிறதா என்பதை அறிதல் வேண்டும். இதற்கு ஒரு வாளி போதும். குளத்து நீரை வாளியில் நிரப்பிக் குளத்தின் படியில் அசையாது நிறுத்துக. வாளியின் உள்ளே நீர் நிற்கும் மட்டத்தையும், குளத்தின் நீர்மட்டத்தையும் குறித்துக் கொள்க. மழையில்லாத நாளில், நீரேற்றியை நிறுத்திவிட்டு, 24 மணி நேரம் கழித்து இரண்டையும் அளந்து பார்க்க. வாளியில் குறைந்தது ஆவியாகிப் போன நீர். குளத்தில் அதனினும் மிகுதியாகக் குறைந்திருப்பின், அம்மிகுதியே கசிவு.

8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உள்ள ஒரு வீட்டுக் குளத்தை எடுத்துக் கொள்வோம். அதன் நீர்ப்பரப்பு 32 சதுர மீட்டர். எனவே மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினால் 32 லிட்டர் குறைந்ததாகப் பொருள். வாளியில் 5 மில்லிமீட்டரும் குளத்தில் 12 மில்லிமீட்டரும் குறைந்திருந்தால், கசிவு 7 மில்லிமீட்டர். அதாவது நாளொன்றுக்கு 224 லிட்டர், 30 நாளில் 6,720 லிட்டர்.

இச்சோதனையை நீரேற்றி இயங்கும்போதும் ஒருமுறை செய்து பார்த்தல் வேண்டும். இயங்கும்போது கசிவு மிகுந்தால் குற்றம் குழாயில் இருக்கக்கூடும். நீர் ஒரு குறிப்பிட்ட மட்டம் வரை இறங்கி நின்றுவிடின், அம்மட்டத்தில் உள்ள விளக்குக் குழியையோ குழாய் வாயையோ ஆராய்க. குழாயில் உள்ள ஓட்டையை எந்த மேற்பூச்சும் அடைக்காது. இவ்வொரு நாள் சோதனையைச் செய்யாது பூச்சு வேலையைத் தொடங்குவது, நோயை அறியாமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

பரப்பும் கலவையும்

மதிப்பீட்டில் அடிக்கடி நேரும் பிழை, தளத்தின் பரப்பை மட்டும் கணக்கிடுதலாகும். நம் குளத்தின் ஆழம் ஒரு முனையில் 0.9 மீட்டர், மறுமுனையில் 1.5 மீட்டர் எனக் கொள்வோம்; சராசரி 1.2 மீட்டர். நீளச் சுவர் இரண்டும் 19.2 சதுர மீட்டர். அகலச் சுவர் இரண்டும் 9.6 சதுர மீட்டர். தளத்தின் 32 சதுர மீட்டரையும் கூட்டினால் 60.8 ஆகும். தளத்தின் சரிவையும் சேர்த்து 61 சதுர மீட்டர் எனக் கொள்ளலாம். தளத்தை மட்டும் அளந்தவர் ஏறத்தாழப் பாதி வேலையைக் கணக்கில் விட்டவராவார்.

ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு மணல் சேர்த்து 20 மில்லிமீட்டர் கனத்திற்குப் பூசுவதாயின், ஈரக் கலவை 1.22 கன மீட்டர் வேண்டும். உலர்ந்த பொருள்கள் நீருடன் கலந்தால் கொள்ளளவில் சுருங்குமாதலின், இதை 1.33ஆல் பெருக்குதல் வழக்கம். உலர்ந்த பொருள் 1.62 கன மீட்டர் ஆகிறது. அதில் நான்கில் ஒரு பங்கு சிமெண்டு. 50 கிலோகிராம் மூட்டை ஏறத்தாழ 0.035 கன மீட்டர் கொள்ளளவுடையதாதலின், 12 மூட்டை தேவை. சேதாரத்தையும் கருதி 13 மூட்டையும், மணல் 1.4 கன மீட்டரும் வாங்கலாம்.

செலவின் பாகுபாடு

கீழ்க்காணும் விலையும் கூலியும், ஓராள் ஒரு நாளில் செய்யும் வேலையின் அளவும் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே கொள்ளப்பட்டவை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் நிலவரத்தை அவ்விடத்தில் இட்டுக் கொள்க.

சிமெண்டு மூட்டை 400 ரூபாய், மணல் கன மீட்டர் 2,500 ரூபாய் எனில், பொருட்செலவு 8,700 ரூபாய். பழைய முகத்தைக் கொத்திக் கழுவ, ஓராள் நாளொன்றுக்கு 6 சதுர மீட்டர் வீதம் 10 ஆள் வேண்டும். ஆளுக்கு 700 ரூபாய் வீதம் 7,000 ரூபாய். கொத்தனார் நாளொன்றுக்கு 8 சதுர மீட்டர் பூசுவாராயின் 8 நாள் ஆகும். அவருக்கு 1,000 ரூபாய் வீதம் 8,000 ரூபாயும், உடனுழைக்கும் சித்தாள் இருவருக்கு 11,200 ரூபாயும் ஆகும். பூசியபின் 10 நாள் நனைத்து வைக்க அரை நாள் வீதம் 5 ஆளுக்கு 3,500 ரூபாய். குளத்தின் கொள்ளளவு 38,400 லிட்டர். 10,000 லிட்டர் கொள்ளும் லாரியில் 4 நடை, நடைக்கு 1,500 ரூபாய் வீதம் 6,000 ரூபாய்.

ஆக மொத்தம் 44,400 ரூபாய். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 728 ரூபாய். இதில் சிமெண்டும் மணலும் ஐந்தில் ஒரு பங்கினும் குறைவே என்பது கருதற்பாலது. நீர்க்காப்புச் சேர்மம், விரிசல் அடைத்தல், ஓடு பதித்தல் ஆகியவை வேண்டுமாயின் தனியே சேர்க்க வேண்டும்.

குறைந்த தொகைக்கு ஒப்புக் கொள்பவர் எதைக் குறைப்பார்? சிமெண்டு விலையை அவரால் குறைக்க முடியாது. பெரும்பாலும் கொத்துதலும் நனைத்தலுமே விடப்படுகின்றன. அவற்றால் மிச்சமாவது 10,500 ரூபாய். அங்ஙனம் செய்த பூச்சு பெயர்ந்து விழுந்தால், செலவிட்ட 33,900 ரூபாயும் வீண். முழு வேலையையும் மீண்டும் செய்ய 44,400 ரூபாய் வேண்டும். மொத்தம் 78,300 ரூபாய்.

கொத்துதலும் நனைத்தலும்

புதிய பூச்சு பழைய முகத்தைப் பற்றிக் கொள்வது அதன் சொரசொரப்பினாலும் தூய்மையினாலுமே. பாசி, பழைய வண்ணம், சுண்ணாம்புப் படிவு இவற்றின்மேல் பூசிய பூச்சு சுவரைப் பற்றாது. சிறு சுத்தியால் தட்டிப் பார்க்க: கணீரென்ற ஒலி நல்ல பற்றையும், பொத்தென்ற ஒலி உள்ளீடின்மையையும் காட்டும். உள்ளீடற்ற இடங்களைச் சுண்ணக்கட்டியால் வட்டமிட்டு, அவற்றை முற்றிலும் நீக்குதல் வேண்டும்.

படிவை நீக்க அமிலம் பயன்படுத்துவோர் இரண்டை மறவாதிருத்தல் வேண்டும். அமிலத்தை நீரில் சிறிது சிறிதாக ஊற்றுக. நீரை அமிலத்தில் ஊற்றற்க. சலவைத்தூள் இருக்கும் இடத்தில் அமிலத்தைக் கொண்டு செல்லற்க. இரண்டும் கலந்தால் நச்சுத்தன்மையுள்ள குளோரின் வாயு எழும். குளத்தின் பள்ளத்தில் அவ்வாயு தங்கி உயிருக்கே ஊறு விளைவிக்கும்.

சிமெண்டு காய்வதனால் இறுகுவதில்லை. நீருடன் கூடும் வேதியியல் மாற்றத்தினால் இறுகுகிறது. நீர் முன்னரே வற்றிவிடின் மாற்றம் பாதியில் நின்று, பூச்சு சுருங்கி வெடிக்கும். கான்கிரீட்டுக்காக 2000ஆம் ஆண்டில் வெளியான ஐ.எஸ். 456 என்னும் இந்திய விதித்தொகுப்பு, சாதாரண போர்ட்லண்டு சிமெண்டாயின் குறைந்தது 7 நாளும், வறண்ட வெப்பக் காலத்தில் குறைந்தது 10 நாளும் ஈரமாக வைத்திருக்குமாறு வகுத்தது. மெல்லிய பூச்சு கான்கிரீட்டினும் விரைவில் உலர்வதாதலின், ஈரச் சாக்குப் போர்த்தி நிழல் தருதல் இன்றியமையாதது.

வெறுங்குளத்தின் ஆபத்து

நீரை இறைத்து வெளியேற்றும் காலத்தையும் ஆராய்ந்து தேர்தல் வேண்டும். நிலத்தடி நீர் குளத்தின் தளத்திற்கு மேல் அரை மீட்டர் உயர்ந்து நின்றால், தளத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரையும் அரை டன் விசையுடன் மேல்நோக்கித் தள்ளும். நம் குளத்தின் 32 சதுர மீட்டர் தளத்தில் அது 16 டன் ஆகிறது. 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட்டுத் தளத்தின் எடையோ ஏறத்தாழ 11.5 டன்னே. குளம் நிறைந்திருக்கும்போது உள்நீரின் எடை இவ்விசையை அடக்கி வைக்கிறது. மழைக்காலத்தில் குளத்தை வெறுமையாக்கினால் தளம் வெடிக்கவோ மேலெழும்பவோ கூடும். அப்பொழுது பூச்சு வேலை கட்டட வேலையாக மாறிவிடும். ஆதலின் நிலத்தடி நீர் தாழ்ந்தபின், கடுவெயில் தொடங்குமுன் இவ்வேலையை மேற்கொள்வது சாலச் சிறந்தது. தென்மேற்குப் பருவமழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. தமிழகக் கடற்கரையிலோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை மிகுதி. அருகிலுள்ள கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பார்த்தால் ஐயம் நீங்கும்.

செலவிடுதல் தகுமா?

மேற்கண்ட கசிவு முழுவதும் பூச்சின் வழியாகவே நிகழ்கிறது எனக் கொள்வோம். மாதம் 6,720 லிட்டர், லாரித் தண்ணீர் விலையில் ஏறத்தாழ 1,000 ரூபாய். 44,400 ரூபாயும் ஏறத்தாழ 44 மாதங்களில் மீண்டு வரும். நீர் அருகிய ஊரில் மீளும் காலம் இன்னும் குறையும். கசிவின்றி முகம் மட்டும் மங்கியிருப்பின், செய்யத்தக்கது பெரும்பூச்சா, சிறு பழுதுபார்ப்பா என்பதை உரிமையாளர் ஆர அமரச் சிந்திக்கலாம்.

சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் கட்டப்பெற்ற பெருங்குளத்தில், செங்கற் சுவரின் பின்னே நிலக்கீல் அடுக்கு ஒன்று இடப்பட்டிருந்தது. இன்று பாகிஸ்தானில் உள்ள அக்குளம், நீர் காப்பது புறத்தே தெரியும் முகம் மட்டுமன்று, அதன் பின்னே மறைந்துள்ள வேலையும் ஆகும் என்பதை உணர்த்துகிறது.

ஆசிரியர்கள் தம் பள்ளித் தண்ணீர்த் தொட்டியை எடுத்துக்கொண்டு, மாணவரைக் கொண்டே அதன் பரப்பையும் கொள்ளளவையும் அளக்கச் செய்யலாம். வாளிச் சோதனையையும் நடத்தலாம். பரப்பளவு, கன அளவு, விகிதம் ஆகிய மூன்று பாடங்களும் அதில் அடங்கும். களப் பணியாளர்கள் தம்மிடம் வரும் மதிப்பீட்டில் மொத்தத் தொகையைப் பார்க்குமுன், கொத்துதலுக்கு எத்தனை ஆள், நனைத்தலுக்கு எத்தனை நாள் என்னும் இரண்டு வரிகளைத் தேடிப் பார்க்க. அவை இல்லாத மதிப்பீடு எவ்வளவு மலிவாயினும் ஏற்கத் தக்கதன்று.